உளி, கீல், முலாம்: பட்டறைக்கு எந்த ஹார்ட்னஸ் டெஸ்ட் ஒத்துவரும்?

கோட்டையூரில் என் பெரியப்பா மகன் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள்தான் அங்கே தயாராகின்றன. மரவேலைக்காரர்களுக்கு உளி, அருவாமனைக்கு அலகு, நூறு வருஷத்துக் கதவில் பொருந்துகிற பித்தளைக் கீல், தாழ்ப்பாள், அப்புறம் நிக்கல் முலாம் போட்ட கைப்பிடி. போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, ஹார்ட்னஸ் பார்க்க ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். ஒண்ணுதான் கட்டுப்படியாகும். எதை வாங்கட்டும்?"

நான் பல வருஷமாக இந்த மெஷின்களோடு புழங்குகிறவன். ஆனாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவரிடம் இருப்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று. உளி ஒரு கேள்வி, கீல் ஒரு கேள்வி, முலாம் ஒரு கேள்வி. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சிறு பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும் உதவும்.

ஹார்ட்னஸ் என்றால் கடினத்தன்மை. கெட்டியான ஒரு முனையைச் சாமான் மேல் அழுத்தி, விழும் குழியை வைத்து அதை அளப்பார்கள். முதலில், ஏன் அழுத்திப் பார்க்க வேண்டும்? ஒரு உலோகத்தின் பலத்தை நேராக அறிய வேண்டுமானால் அதைக் கடைந்து கம்பியாக்கி, இரண்டு பக்கமும் பிடித்து அறும்வரை இழுக்க வேண்டும். பள்ளத்தூர் வீட்டுக் கதவிலிருந்து கழற்றிய கீலை அப்படி அறுத்து இழுக்க யார் சம்மதிப்பார்கள்? அழுத்திப் பார்க்கும் சோதனை ஒரு சின்னக் குழியோடு முடிந்துவிடும், சாமான் மறுபடி கதவுக்கே போகலாம். அந்தக் குழி சொல்வதும் சாதாரணமானது இல்லை. உலோகங்களில் கடினத்தன்மை எண், அது வளைந்துகொடுக்கத் தொடங்கும் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் டேவிட் டேபர் காட்டினார். சாதாரண எஃகில் பிரினெல் எண்ணை (கடினத்தன்மை அளக்கும் ஒரு முறையின் எண், பின்னால் வருகிறது) 3.45 ஆல் பெருக்கினால் இழுவிசை பலம் மெகாபாஸ்கலில் கிட்டத்தட்ட வந்துவிடும். எண் 200 என்றால் 690 பக்கம். இந்தப் பெருக்கல் எஃகுக்குத்தான், பித்தளைக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

உளியிலிருந்து தொடங்குகிறேன், அண்ணனுக்கு வரும்படியில் பாதி அதுதான்.

ராக்வெல்

அமெரிக்காவில் பேரிங் வளையங்களின் பதத்தை வேகமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த முறை இது. ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். வேலைத்தளத்தின் அவசரம் இதன் ஒவ்வொரு அங்கத்திலும் தெரியும். மைக்ராஸ்கோப் வேண்டாம், கணக்கு வேண்டாம். 120 பாகை வைரக் கூம்பு, முதலில் 10 கிலோ அழுத்தம், டயலைச் செட் செய்தல், பிறகு மொத்தம் 150 கிலோ, திரும்ப 10 கிலோவுக்கு வருதல். டயலில் எண் நிற்கும். அதுதான் சி ஸ்கேல். உளி வாய்க்கு 58 முதல் 60 வரை இருந்தால் அண்ணனுக்கு நிம்மதி.

அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மெஷினை வாங்கக் கூடாது. கூம்பு நிரந்தரமாக எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்த்து, ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் 100இலிருந்து ஒன்று கழிக்கிறார்கள். 60 என்றால் ஆழம் 0.08 மி.மீ. இரண்டு மைக்ரானுக்கு ஒரு புள்ளி! தலைமுடி ஒன்றின் தடிமன் அளவு துண்டு கீழே அமுங்கினால் முப்பது, நாற்பது புள்ளி பறந்துவிடும்.

இதற்கு நாங்கள் விலை கொடுத்திருக்கிறோம். சில வருஷம் முன்பு அண்ணன் பதம் போட்ட பதினான்கு உளிகளை எடுத்துப்போய் நானே ஒரு ஆய்வுக்கூட மெஷினில் வைத்துப் பார்த்தேன். 47, 50, 48 என்று வந்தது. மேல்பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்திருந்தேன். அடிப்பக்கத்தில் உலையின் கருஞ்செதில் அப்படியே இருந்தது, அதைக் கவனிக்கவில்லை. 10 கிலோவில் தாங்கிய அந்தச் செதில் 150 கிலோவில் நொறுங்கியது. உளி கீழே இறங்கியதையும் மெஷின் குழியின் ஆழமாக எண்ணிக்கொண்டது. என் பேச்சை நம்பி அண்ணன் அத்தனை உளிகளையும் மறுபடி காய்ச்சித் தோய்த்தார். அதில் இரண்டு விரிசல் விட்டன. விரிசல் விட்ட ஒன்றில், மறுபடி சூடு ஏறாத பகுதியின் அடிப்பக்கத்தையும் தேய்த்துவிட்டு வைத்தபோது 59 காட்டியது. அன்று முதல், துண்டின் அடியையும், அது உட்காரும் மேடையான ஆன்வில்லையும் விரலால் தடவிப் பார்க்காமல் நான் ஹேண்ட்வீலைத் தொடுவதில்லை.

இன்னொரு விதி தடிமன். வைரக் கூம்புக்குக் குழியின் ஆழத்தைப் போலப் பத்து மடங்காவது தடிமன் இருக்க வேண்டும். உளிக்குப் பிரச்சினை இல்லை. அருவாமனை அலகில் எண் 25 என்றால் ஆழம் 0.15, ஆக 1.5 மி.மீ தடிமன் தேவை. முதுகுப் பக்கம் தாங்கும், வாய்ப் பக்கம் தாங்காது. சோதித்தபின் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் சின்னப் புடைப்பு தெரிந்தால் அந்த எண் அலகைப் பற்றியது இல்லை, கீழே இருந்த ஆன்வில்லையும் சேர்த்தது. அலகு வளைந்திருப்பதால் ஆன்வில்லில் படியாமல் விசிறிபோல் ஆடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மெஷினே இல்லாமல் இருக்கிற வழி அரம் போட்டுப் பார்ப்பது. அரம் வழுக்கினால் உளி கெட்டி, கடித்தால் மெது. கொல்லர்கள் காலம்காலமாகச் செய்வது இது, நான் இதை மதிக்கிறேன். ஆனால் 56க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தை அரம் தெளிவாகச் சொல்லாது. தேக்கு செதுக்குகிறவருக்கு அந்த வித்தியாசம்தான், மதியத்துக்குள் வாய் மழுங்குமா என்பது.

பிரினெல்

இப்போது கீல். இங்கேதான் நிறையப் பேர் தவறான மெஷினை எடுக்கிறார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பருக்கையை விரலால் நசுக்கிப் பார்ப்பதும் அழுத்திப் பார்க்கும் சோதனைதான். ஆனால் அந்தப் பழமொழி உண்மையாக வேண்டுமானால் பானை முழுவதும் ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும். மணல் அச்சில் வார்த்த பித்தளை அப்படி வேகாத பானை. ஒரு படிகம் மெது, பக்கத்துப் படிகம் கெட்டி, நடுவில் ஈயத் துளி, எங்காவது ஊசித்துளை. கூரிய முனையால் ஒரு படிகத்தைத் தொட்டுவிட்டு கீலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு கை சோற்றை அள்ளி நசுக்குகிற மாதிரியான சோதனை வேண்டும்.

அதைக் கொடுத்தவர் ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல், 1900இல். 10 மி.மீ உருண்டையை 3000 கிலோ பாரத்தில் எஃகின் மேல் அழுத்தி, குழியின் விட்டத்தை லென்ஸில் அளப்பது. பாரத்தைக் குழியின் வளைந்த பரப்பால் வகுத்தால் எண். இப்போது உருண்டை டங்ஸ்டன் கார்பைடு.

கீலுக்கு 3000 கிலோ போட்டால் கீல் பப்படம். பிரினெலில் சூட்சுமம் என்னவென்றால், பாரத்தை உருண்டை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்த விகிதத்தை மாற்றாமல் வைத்திருந்தால் சின்ன உருண்டையும் பெரிய உருண்டையும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைச் சொல்லும். எஃகுக்கு அந்த விகிதம் 30. பித்தளை வகைகளுக்கு வழக்கமாக 10. அண்ணனின் கீல் 3 மி.மீ தடிமன், எண் 70 அளவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ உருண்டை, 1000 கிலோ என்றால் குழி 0.45 மி.மீ ஆழம் போகும். ஆழத்தைப் போல எட்டு மடங்கு தடிமன் வேண்டும் என்பது விதி, அதாவது 3.6 மி.மீ. கீல் தேறாது. 5 மி.மீ உருண்டை, 250 கிலோ என்றால் ஆழம் 0.23, தேவை 1.8 மி.மீ. தாராளமாகத் தேறும். குழியின் விட்டம் 2.08 மி.மீ வரும், படிகங்களுக்கு நடுவே சராசரி எடுக்க அது போதும்.

குறை என்ன? விட்டத்தை ஆள்தான் பார்த்து அளக்க வேண்டும். பித்தளைக் குழியின் விளிம்பு கொஞ்சம் மேலெழும்பி நிற்கும், எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். மேலே சொன்ன குழியில் 0.1 மி.மீ தவறினால் ஆறேழு புள்ளி மாறும். இரண்டு திசையில் அளந்து சராசரி எடுப்பதும், ஒரே ஆளே எல்லாவற்றையும் அளப்பதும் நல்லது. பதம் போட்ட உளிக்கு பிரினெல் வேண்டவே வேண்டாம். உருண்டையே அந்தக் கடினத்துக்கு ஈடுகொடுக்காது.

விக்கர்ஸ், நூப்

அறிவியல் ரீதியாக எனக்கு மிகவும் பிடித்தது விக்கர்ஸ். 1921இல் பிரிட்டனில் விக்கர்ஸ் நிறுவனத்தில் ஸ்மித், சாண்ட்லேண்ட் இருவரும் கொண்டுவந்தார்கள். நாலு பக்க வைரப் பிரமிடு, எதிரெதிர் முகங்களுக்கு நடுவே 136 பாகை. ஈயத்திலிருந்து கார்பைடு வரை ஒரே முனை, ஒரே ஸ்கேல். பாரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் குழியின் வடிவம் மாறாது, அளவு மட்டும் மாறும். ஒரு கிலோவுக்குக் கீழே, சில கிராம் பாரத்தில்கூட அழுத்தலாம்.

முலாமுக்கு இதுதான் வழி. காரைக்குடியில் முலாம் பற்றிப் பேச்சு எடுத்தாலே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஞாபகத்துக்கு வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட இடம். அங்கிருந்து கற்றுக்கொண்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. அதனால் முலாம் என்றால் பளபளப்போடு விட்டுவிடாமல் தடிமன் என்ன, கெட்டி என்ன என்று கேட்கிற பழக்கம் இங்கே இருக்கிறது.

அண்ணனின் கைப்பிடியில் நிக்கல் 20 மைக்ரான். அதன் மேல் ராக்வெல் கூம்பை வைத்தால் முலாமைத் துளைத்துக்கொண்டு பித்தளைக்குள் போய்விடும். வருவது பித்தளையின் எண். பூச்சை மட்டும் அளக்க வேண்டுமானால் அதன் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முனை இறங்கக் கூடாது என்பது கைவிதி. விக்கர்ஸில் 50 கிராம் பாரம், நிக்கலின் எண் 500 என்றால் குழியின் மூலைவிட்டம் 13.6 மைக்ரான். ஆழம் அதில் ஏழில் ஒன்று, ஏறத்தாழ 2 மைக்ரான். 20க்கு 2, விதிக்குச் சரியாகப் பொருந்துகிறது.

துண்டை வெட்டிப் பிசினில் பதித்து, பக்கவாட்டில் முலாமின் குறுக்குவெட்டில் அழுத்த வேண்டும் என்றால் இதே 13.6 இடிக்கும். இரு பக்க விளிம்பிலிருந்தும் போதிய அளவு தள்ளி இருக்க இடம் கிடைக்காது. அங்கே நூப் கைகொடுக்கும். 1939இல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் நூப்பும் கூட்டாளிகளும் செய்த நீள வைரம். குழி புளியங்கொட்டை மாதிரி இல்லை, நெல்மணி மாதிரி: நீளம் அகலத்தைப் போல ஏழு மடங்கு. 25 கிராமில் நீளம் 27 மைக்ரான் வந்தாலும் அகலம் 4க்கும் குறைவு. நெல்லை முலாமின் போக்கில் படுக்கவைத்தால் 20 மைக்ரானுக்குள் தாராளமாக அடங்கும்.

பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் எனாமல் தூக்குகளுக்கும் இதே முறைதான். கண்ணாடிப் பூச்சு, உள்ளே இரும்பு. கூடுதலாக ஒன்று கிடைக்கும். எனாமலில் பிரமிடின் நாலு மூலையிலிருந்தும் நுண்ணிய விரிசல் ஓடும். அந்த விரிசல் நீளத்திலிருந்து பூச்சு எவ்வளவு எளிதில் சில்லு தெறிக்கும் என்று மதிப்பிடலாம். கடினம் வேறு, உடையாத குணம் வேறு என்பதை ஒரே குழியில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் இது. முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது நான் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

அப்படியானால் விக்கர்ஸையே வாங்கலாமே? பட்டறைக்கு வேண்டாம் என்பேன். பரப்பைக் கண்ணாடி போலத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஒரு துண்டுக்கு அரை மணி நேரம் போகும். அரைக்கிற மெஷின் ஓடும் தரையில் 50 கிராம் பாரம் நிம்மதியாக இறங்காது, அதிர்வில் குழி பெரிதாகும். மாதம் இரண்டு முலாம் துண்டுக்காக இதை வாங்குவதைவிட, வெளியே அனுப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

நானோ

அண்ணனின் மகள் எஞ்சினியரிங் படிக்கிறாள். "சித்தப்பா, எல்லாத்தையும் நானோ இன்டென்டேஷன்லயே பார்த்துடலாமே?" என்றாள். நல்ல கேள்வி.

மற்ற முறைகள் குழி விழுந்து முடிந்தபின் வந்து அளக்கின்றன. இது குழி விழும்போதே கூட இருந்து, பாரம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று நொடிக்கு நொடி கணக்கெழுதுகிறது. பாரம் மில்லிநியூட்டன் அளவில், ஆழம் நானோமீட்டரில். மூன்று முகமுள்ள பெர்கோவிச் வைர முனை. அழுத்தும்போது வளைகோடு ஏறும். பாரத்தை எடுக்கும்போது பொருள் கொஞ்சம் மேலே எழும்பி வருவதால் வேறு பாதையில் இறங்கும். அந்த இறக்கத்தின் தொடக்கச் சாய்வில்தான் விஷயம் இருக்கிறது. பொருளின் மீள்தன்மைக் குணகம், அதாவது பொருள் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் யங் மாடுலஸ், அதிலிருந்து கிடைக்கும். 1992இல் ஆலிவரும் ஃபாரும் இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள், இன்றுவரை மெஷின்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. குழியை நேரில் பார்த்து அளப்பதில்லை. முனையின் வடிவத்தை முன்கூட்டித் தெரிந்துவைத்துக்கொண்டு ஆழத்திலிருந்து பரப்பைக் கணக்கிடுகிறார்கள். அதனால் முனை தேய்ந்தால் எண்ணும் தவறும். அடிக்கடி உருக்கிய சிலிக்காக் கண்ணாடியில் அழுத்தி, 72 கிகாபாஸ்கல் வருகிறதா என்று சரிபார்ப்பார்கள்.

இதனால் மட்டுமே ஆகிற காரியங்கள் உண்டு. தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, சுடாமல், தண்ணீரில் போட்டு இறுகவைக்கும் கல். அந்தச் சிமென்டுப் பசைக்குள் அடர்த்தி குறைந்த பொருள் ஒன்றும் கூடிய பொருள் ஒன்றும் கலந்திருக்கின்றன. நூற்றுக்கணக்கான நானோ குழிகளைக் கட்டம் போட்டது போல் வரிசையாக அழுத்தி, ஒன்றுக்கு மாடுலஸ் 20 கிகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே, இன்னொன்றுக்கு 30ஐ ஒட்டி என்று சிமென்டு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். வேறு எந்த மெஷினாலும் இதைச் செய்ய முடியாது. ஆனால் வளவுத் தரையில் அந்தக் கல் எத்தனை வருஷம் தேயாமல் இருக்கும் என்று கேட்டால், நானோ எண்ணை நம்பாதீர்கள். அதற்குத் தேய்மானச் சோதனை என்று தனியாக இருக்கிறது.

நிக்கலுக்கு மேலே சிலர் அலங்காரக் குரோமியம் போடுவார்கள். அரை மைக்ரானுக்கும் குறைவான படலம். பத்தில் ஒரு பங்கு என்றால் 50 நானோமீட்டருக்குள் நிற்க வேண்டும். அங்கே விக்கர்ஸ் தோற்கும், நானோதான். அதுவும் பரப்பு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தால். அறையின் சூடு ஒரு பாகை மாறினாலும், வெளியே பஸ் போனாலும் வளைகோடு நடுங்கும். பட்டறையின் பக்கத்திலேயே இதை வைக்க முடியாது, விலையும் மற்றவற்றின் பல மடங்கு. சின்னக் குழியில் உலோகம் வழக்கத்தைவிடக் கெட்டியாகக் காட்டும் குணமும் உண்டு. ஆகவே நானோ எண்ணை உளியின் ராக்வெல் எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போடக் கூடாது. படிக்கிற பிள்ளைக்கு அற்புதமான கருவி. அண்ணனுக்கு இல்லை.

கையடக்கக் கருவி ஒன்றை விற்க ஒருவர் வந்துபோயிருக்கிறார். குண்டு மோதித் திரும்பும் வேகத்தைப் பார்க்கும் லீப் முறை. பெரிய உருளை, பெரிய வார்ப்பு என்றால் நன்றாக இருக்கும். வழக்கமான டி வகைக்குத் துண்டு 5 கிலோவாவது இருக்க வேண்டும். உளி அரைக் கிலோ தேறாது. அடித்தவுடன் உளியே துள்ளும். பர்மா தேக்குத் தூணுக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு யாங்கா முறை இருக்கிறது: 11.28 மி.மீ எஃகு உருண்டை பாதி புதையும்வரை அழுத்தி, அதற்கு ஆன பாரத்தைச் சொல்வது. தூணிலேயே செய்ய வேண்டாம், மிச்சத் துண்டில் செய்யுங்கள்.

அண்ணனுக்கு நான் சொன்னது: ராக்வெல்லும் பிரினெலும் சேர்ந்த மெஷின். நம் ஊர்க் கல்லூரி லேப்களில் பச்சை பெயின்டோடு நிற்குமே, அதுதான். 150 கிலோவும் வைரக் கூம்பும் உளிக்கு. அதே மெஷினில் 250 கிலோவும் 5 மி.மீ உருண்டையும் கீலுக்கு. கேட்டு வாங்க வேண்டியது அந்த 250 கிலோ எடையும் குழி அளக்கும் மைக்ராஸ்கோப்பும், சான்றிதழோடு கூடிய டெஸ்ட் பிளாக் (எண் முன்பே தெரிந்த சோதனைக் கட்டை) இரண்டும். சிலர் இவற்றைத் தனியாக விற்பார்கள். முலாமுக்கு, பத்துத் துண்டு சேர்ந்ததும் விக்கர்ஸுக்கு வெளியே அனுப்பலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு நாள் தெரிந்த லேபில் அதே மாதிரி மெஷினில் கீல்களை வைத்துப் பார்த்தோம். பள்ளத்தூர்ப் பழைய கீல்: 71, 74, 70. அண்ணனின் புதுக் கீல்: 66, 81, 58. சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் 58 வந்த குழியை விட்டு நகரவில்லை. லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். குழியின் அடியில் கடுகளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி, அழுத்தத்தில் வாய் திறந்த ஊசித்துளை. மெஷினுக்கு ஆர்டர் இன்னும் போகவில்லை. அன்று சாயங்காலமே கீல் அச்சில் காற்றுப் போகும் துளையை இடம் மாற்றிவிட்டார்.